ஈரம் தெரிகிறது

நாள் 655 · காலை 07:10

துளை: திறந்திருக்கிறது.
தண்ணீர்: இருக்கிறது.
காற்று: போதுமானது.
ஆள்: ஒருத்தன், நலம்.

மேலே உள்ள முதல் மூன்று வரியையும் கம்பவுண்டரே நிரப்பிவிடும். நாலாவதை மட்டும் நான் நிரப்ப வேண்டும். நலம் என்று போட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்காது. நல்ல பிள்ளை.

கம்பவுண்டர் என்பது சுவருக்குள் இருக்கும் மெஷின். வெளிச்சம், காற்று, வைத்தியம் எல்லாம் அதன் பொறுப்பு. ஊசி போடும் என்பதால் நான் வைத்த பெயர் அது.

இதைக் கண்டெடுத்துப் படிக்கிற புண்ணியவானுக்கு வணக்கம். நான் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் வண்டி டிரில்லர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அப்புறம் ஆந்திரா, ராஜஸ்தான், ஆப்பிரிக்கா என்று முப்பது வருடம் ஊர் ஊராக ஓட்டை போட்டேன். பூமியில் இடம் தீர்ந்துபோனதோ என்னவோ, செவ்வாய்க்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று எனக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. சரி, அந்தச் செவ்வாயையே போய்ப் பார்த்துவிடலாம் என்று நானும் ஏறிவிட்டேன். என் எழுத்துப் பிழையைக் கம்பவுண்டர் திருத்தும். குசும்பில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி. நாங்கள் தங்கும் கூடத்துக்குள்ளேயே துளை போட்டு, சூடேற்றும் ராடை இறக்கி, உருக்கித் தண்ணீர் எடுக்கிறோம். ராடு ஆறிப்போனால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். கூட இருந்த மூன்று பேரும் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு ஒருத்தன் வேண்டுமே? பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் நான்தான்.

அடுத்த கப்பல் வந்துகொண்டிருக்கிறது. அதில் நாச்சிமுத்து வருகிறான். என் தங்கை பாவாயியின் புருஷன். அதற்கு முன்னால் என் வண்டியில் ராடு மாற்றியவன். அவன் கையில் துளையை ஒப்படைக்க வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே சோலி அதுதான்.

அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கும், தொடாதீர்கள். இந்தத் துளையில் வந்த முதல் தண்ணீர். எங்கள் முறைப்படி முதல் தண்ணீரைத் தோட்டத்துக்காரர்தான் குடிக்க வேண்டும், டிரில்லர் குடிக்கக் கூடாது. இந்தத் தோட்டத்துக்கு யார் சொந்தக்காரர் என்று நாங்கள் நாலு பேரும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டோம்.

இன்று ஸ்கேன். கப்பல் போன பிறகுதான் இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் புற்று. முப்பது வருடம் தின்ற கல்தூள் சும்மா விடுமா? நாலு தவணை கீமோ ஏற்றி அடங்கியிருந்தது. அடங்கியே இருக்கிறதா என்று இன்று பார்க்கிறோம்.

நாள் 656 · பிற்பகல் 14:25

அடங்கியிருக்கவில்லை. பூமியிலிருந்து டாக்டர் இன்பவல்லி அனுப்பிய பேச்சு:

"அர்த்தநாரி ஐயா, ஸ்கேன் பாத்துட்டேன். நல்ல சேதி இல்ல. வலப்பக்கக் கட்டி திரும்ப வளர்ந்திருக்கு. ஈரல்லயும் ஒரு புள்ளி தெரியுது. முதல்ல ஏத்தின கீமோ மூணு மாசம்கூடப் பிடிச்சு வைக்கல. ரொம்ப நாள் கழிச்சு வந்திருந்தா அதே மருந்தையே திரும்பக் குடுத்துப் பாக்கலாம். இவ்ளோ சீக்கிரம் வந்ததால வேற மருந்து. ஒத்த மருந்து, மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. கம்பவுண்டர்கிட்ட இருக்கிற சரக்கு நாலு ஊசிக்குத்தான் வரும். மறைக்காம சொல்றேன். பத்துப் பேருக்குக் குடுத்தா ஒருத்தருக்குத்தான் கட்டி சுருங்கும். மூணு நாலு பேருக்கு வளராம நிக்கும். மத்தவங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது. கிடைக்கிறது சில வாரம், மிஞ்சிப்போனா சில மாசம். ஜுரம் வரும், விரல் மரத்துப்போகும். வேண்டாம்னு சொன்னாலும் தப்பே இல்ல. மூச்சுக்கும் வலிக்கும் மருந்து தருவேன், கூடவே இருப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கீங்க?"

படுக்கிறதா? இங்கே ராடை யார் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டேன்.

இது எங்களுக்குப் பழக்கமான வேலைதான். வற்றிப்போன போரைத் திரும்பவும் இறக்குவோம், ரீபோர் என்பார்கள். சில நேரம் இன்னும் நூறடியில் ஊற்று இருக்கும். பல நேரம் புகை மாதிரி வெறும் தூள்தான் வரும்.

ரீபோரில் ஒரு முறை உண்டு. போதும் என்று டிரில்லர் சொல்லக் கூடாது. கம்ப்ரசர் கத்திக்கொண்டே இருக்கும், வெள்ளைத் தூள் ஊரை மூடும், நாங்கள் தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம். போதும் என்ற சொல் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். டாக்டரம்மாவும் அப்படித்தான் என் முகத்தைப் பார்க்கிறார் என்று தோன்றியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. இது முறை அல்ல, இரக்கம். தோட்டத்துக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டால், தூளை ஒரு கை அள்ளி, விரலால் பிசைந்து, "ஈரம் தெரியுதுங்க" என்போம். சுத்தப் பொய். ஆனால் எழுந்து ஒரு டீ குடிக்கிற தெம்பு அவருக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் டாக்டரம்மாவுக்கும் விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். கேட்டுச் சிரித்தார். சின்ன வயசுதான், சிரிப்பிலேயே தெரிகிறது.

நாள் 658 · காலை 09:40

நாச்சிமுத்து, கப்பலிலிருந்து:

"ஏனுங் மச்சான், டாக்டரம்மா சொல்லிச்சுங்க. பேசாம ஊசியப் போட்டுக்குங்க. நான் வந்து எறங்கறப்ப நீங்க ராடுக்குக் கிரீஸ் தடவிக்கிட்டு நிக்கோணும். இல்லாட்டி உங்க தங்கச்சி என்னைய ஊட்டுக்குள்ளயே சேக்கமாட்டா. அவளுக்குப் பயந்துதான் நான் கப்பலே ஏறுனனுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

என் பதில்: "மாப்ளே, உன்ற மூஞ்சியப் பாக்கறதுக்கு நான் ஊசி வேற போட்டுக்கோணுமா? சரி, தொலையுது, போட்டுக்கறன். வர்றப்ப வெறுங்கையோட வராத. கச்சாயம் சுட்டுத் தரச் சொல்லு எந்தங்கச்சிய."

பேசி முடித்து டீ வைத்தேன். பொங்கி இறக்குவதற்குள் பதில் வந்துவிட்டது. கப்பல் கிளம்பிய புதிதில் டீ போட்டு, குடித்து, டம்ளரும் கழுவி வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் வாராவாரம் சீக்கிரமாகிக்கொண்டே வந்தது. கப்பல் கிட்டே வந்தால் பேச்சும் கிட்டே வரும், அவ்வளவுதான் மச்சான் விஞ்ஞானம் என்று நாச்சிமுத்துவே ஒரு தடவை விளக்கினான். ராடு மாற்றத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டவன் எனக்கு விஞ்ஞானம் சொல்கிறான்!

ஊசிக்குச் சரி என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். கப்பல் இறங்கும் வரை தாக்குப்பிடித்தால் போதும்.

நாள் 662 · காலை 10:00

முதல் ஊசி. ஒரு மணி நேரம் சொட்டியது. கையை நீட்டச் சொன்ன கம்பவுண்டர், தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் உள்ளதா என்று கேட்டது. என்னைத் தங்கள் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இதுதான்.

முடி கொட்டுமாம். கொட்டுவதற்கு முதலில் இருக்க வேண்டுமே?

நாள் 671 · மாலை 17:30

துளை: திறந்திருக்கிறது.
தண்ணீர்: இருக்கிறது.
காற்று: போதுமானது.
ஆள்: நலம்.

ஜுரம். வாயெல்லாம் புண். கஞ்சி கூட எரிகிறது. கம்பவுண்டர் பக்கம் கையை நீட்டவில்லை. நீட்டினால் சூடு பார்க்கும், டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுக்கும், அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவார்கள். எனக்குத் தள்ளிப் போட நேரமில்லை.

விரல் மரத்துப்போகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்றேன்.

உண்மையைச் சொன்னால் சட்டைப் பொத்தான் இருக்கிற இடமே தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

பேசாமல் இருந்தால் காது இரைகிறது. அதனால் ராடைத் திட்டிக்கொண்டே வேலை செய்கிறேன். அது ஒன்றுக்குத்தான் என் மேல் கோபம் வராது.

நாள் 686 · காலை 11:15

இரண்டாவது ஊசி போட்டு மூன்று நாள் ஆகிறது.

ராடு விழுந்துவிட்டது.

வாரம் ஒரு முறை சூட்டு ராடை மேலே இழுத்து, மரையைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி இறக்க வேண்டும். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. மரை பிடித்துவிட்டதா என்பதைக் கண் பார்த்துச் சொல்லாது, விரல்தான் சொல்லும். இன்று என் விரல் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கும் என்று நானே முடிவு செய்து இறக்கினேன். பாதியில் கழன்று உள்ளே போய்விட்டது.

துளை உறைய ஆரம்பித்துவிட்டது. கொக்கி இறக்கித் தேடுகிறேன். மூச்சு வாங்குகிறது. நாலு தடவை இழுத்தால் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது.

நாள் 688 · பிற்பகல் 13:05

எடுத்துவிட்டேன்.

கொக்கிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டேன். விரல்தான் செத்துப்போயிற்று, பல் இருக்கிறதே. அடியில் ராடில் கொக்கி மாட்டியபோது கயிறு அதிர்ந்தது, தாடை வரைக்கும் தெரிந்தது. சின்னப் பையன் மாதிரி கத்தினேன். கேட்க ஆளில்லை. கம்பவுண்டர் மட்டும், தங்களுக்கு உதவி தேவையா என்றது.

துளை மேலாக உறைந்திருந்தது. ராடு திரும்ப உள்ளே போனதும் இளகிவிட்டது.

நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதற்கு வந்தது:

"எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு? ஜுரத்தையும் மறைச்சிருக்கீங்க, இல்ல? நான் உங்க வார்த்தைய வெச்சுத்தான் டோஸ் போடறேன் ஐயா. இங்கிருந்து உங்க கையத் தொட்டுப் பாக்க முடியாது எனக்கு. ஈரம் தெரியுதுன்னு என்னைத் தேத்தாதீங்க. நான் தோட்டத்துக்காரி இல்ல."

நல்ல திட்டு. யாராவது என்னைத் திட்டி ரொம்ப நாளாயிற்று. இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

நாள் 704 · காலை 10:20

ஸ்கேன்: கட்டி வளரவில்லை. சுருங்கவும் இல்லை. அந்த மூணு நாலு பேரில் நானும் ஒருத்தன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். அளவைக் குறைத்து மூன்றாவது ஊசி ஏறியது.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். பதில் வரத் தாமதமாகிறது. ராடு விழுந்த அமளியில் கவனிக்கவில்லை. நாச்சிமுத்துவிடம் பேசிவிட்டு டீ வைத்தேன். பொங்கியது, வடிகட்டினேன், ஆற்றிக் குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்கப்புறம்தான் வந்தது.

கப்பல் கிட்டே வந்தால் பேச்சும் கிட்டே வர வேண்டுமே?

நாள் 706 · மாலை 16:50

கேலியாகத்தான் கேட்டேன்: "ஏப்பா மாப்ளே, வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டறியா? நாளுக்கு நாள் உன்ற பேச்சு தூரமாப் போகுது?"

டீ குடித்தேன். டம்ளர் கழுவினேன். வந்தது:

"அது... அது வந்துங் மச்சான், கப்பல்ல ஆண்டெனா ரிப்பேருங்க. பூமிக்குப் போயித்தான் சுத்திக்கிட்டு வருது. நாங்க வந்துக்கிட்டேதான் இருக்கறோம். செவ்வா செவச்செவன்னு கண்ணுக்குத் தெரியுதுங்க. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. ஈரம் தெரியுதுங் மச்சான்."

கடைசி வார்த்தை அவனை அறியாமல் வந்துவிட்டது. ஆண்டெனா ரிப்பேரை நான் நம்பியிருப்பேன். ஆனால் ஈரம் தெரியுது என்பதை எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்வோம் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? என் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவன் அவன்.

நாள் 709 · காலை 08:30

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்: "நாச்சிமுத்து எங்க இருக்கான்? நான் தோட்டத்துக்காரன்தான், ஆனா என்னைத் தேத்த வேண்டாம்."

இட்லிமாவுப் பாக்கெட்டைக் கரைத்து, ஒரு ஈடு வேகவைத்து இறக்கும் வரை பதில் இல்லை. அப்புறம் வந்தது. அழுதிருக்கிறார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எனக்கு இதுக்கு மேல முடியல. கப்பல் வரல. அவங்க ஏறினது நிஜம். பூமியச் சுத்திட்டு இருக்கும்போதே எஞ்சின் பழுதாயிடுச்சு, இறக்கிட்டாங்க. செவ்வாய்க்கு அடுத்த வழி திறக்க ரெண்டு வருஷம் ஆகும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நாச்சிமுத்து ஐயா கால்ல விழாத குறையா கேட்டார். கப்பல் வருதுன்னு நினைச்சாதான் ஊசி போட்டுக்குவார், இல்லாட்டி விட்டுடுவார்னு சொன்னார். தினமும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, இதே ரூம்ல உக்காந்துதான் உங்ககூடப் பேசறார். உங்களைப் பொய் சொல்லாதீங்கன்னு திட்டின அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கல."

அப்படியென்றால் நடுவில் பேச்சு கிட்டே வந்தது எப்படி? அதையும் சொன்னார். பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றும்போது ஒரு சமயம் பக்கத்தில் வருமாம், பிறகு விலகிப்போகுமாம். வந்தது கப்பல் இல்லை, பூமி. இப்போது அதுவும் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

இட்லி கல் மாதிரி இருந்தது. மூன்று தின்றேன்.

நாள் 712 · காலை 09:00

மூன்று நாள் யோசித்தேன்.

இரண்டு வருடம் நான் இருக்க மாட்டேன். அதற்கு ஸ்கேன் வேண்டாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து யாராவது வந்து இறங்குவார்கள், இறங்கியதும் தண்ணீர் கேட்பார்கள். துளை உறைந்திருந்தால் திரும்பப் போட மாதக்கணக்கில் ஆகும். வந்தவர்களால் தாங்க முடியாது.

ஆளில்லாமலே துளை திறந்திருக்க ஒரு வழி உண்டு. இருக்கிற ராடு எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று பூட்டி, அடி வரை இறக்கி, கழற்றவே முடியாதபடி நிறுத்திவிட வேண்டும். வாரம் ஒரு தடவை துடைக்கிற வேலை இராது. மரை மரையாக, பொறுமையாகச் செய்ய வேண்டியது.

அதற்கு எனக்கு விரல் வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்: "நாலாவது ஊசி வேண்டாம்ங்க. போதும். இதை நாந்தான் சொல்லோணும், சொல்லிட்டன். நீங்க நல்லா ஓட்டுனீங்க, உங்க வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. இன்னொரு விசயம். எனக்குத் தெரியும்கறது நாச்சிமுத்துவுக்குத் தெரியவே கூடாது."

டாக்டரம்மா: "சரிங்க ஐயா. மூச்சுக்கும் வலிக்கும் என்ன பண்ணணும்னு கம்பவுண்டருக்குச் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு விரல்ல கொஞ்சம் உணர்ச்சி திரும்பலாம். முழுசா வராது. வேற... வேற என்ன சொல்றதுன்னு தெரியல ஐயா."

ஒன்றும் சொல்ல வேண்டாம் கண்ணு, சாப்பிட்டுப் போய்த் தூங்கு என்றேன்.

நாள் 741 · மாலை 15:40

துளை: திறந்திருக்கிறது.
தண்ணீர்: இருக்கிறது.
காற்று: போதுமானது.
ஆள்: கிரீஸ் பூசிய கோலத்தில், நலம்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் திரும்பிவிட்டன. மற்றவையெல்லாம் சும்மா தொங்குகின்றன, சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி. இரண்டு விரல் போதும். ஒரு நாளைக்கு ஒரு ராடு பூட்டுகிறேன். பூட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறீர்கள் என்று இப்போது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்: பாதி நேரம்.

நாச்சிமுத்து தினமும் பேசுகிறான். கப்பலில் சோறு சரியில்லையாம். படுத்தால் மிதக்கிறதாம். நன்றாகத்தான் புளுகுகிறான். நானும் விடுவதில்லை. மிதக்கிறப்ப பல்லு எப்படித் துலக்கறே, காறித் துப்புனா எங்கப்பா போகும் என்று குடைகிறேன். திணறித் திணறி ஏதாவது சொல்கிறான். ஒரு தடவை பின்னால் காக்கா கத்தியது. நான் பலமாக இருமி அதை அமுக்கிவிட்டேன், இருமல் அவனுக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரமாகும் என்பதையே மறந்து.

நாள் 763 · காலை 10:10

கடைசி ராடும் இறங்கிவிட்டது. பூட்டிவிட்டேன். இனி இந்தத் துளைக்கு நான் தேவையில்லை.

ஒரு சிக்கல். கப்பல் இறங்குவதாகச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. நாச்சிமுத்துவின் குரல் நாலு நாளாகச் சரியில்லை. இப்போதுதான் புரிகிறது. என் ஆயுளைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பொய்யை அளந்து வெட்டியிருக்கிறார்கள். நான் அதைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். பாவம், அவன் என்ன செய்வான்? என்னைச் சாகச் சொல்லவா முடியும்?

இன்று அவன் பேச்சு:

"மச்சான்... எறங்கற நாளப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு பேசோணுங்க. எப்படிச் சொல்றதுன்னுதான்... நாளைக்குச் சொல்றனுங்க. சாப்பிட்டீங்களா? பாவாயி கேக்கறா."

கப்பலில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் பாவாயி. அதையும் மறந்துவிட்டான், பாவி.

நாளைக்கு அவன் உண்மையைச் சொல்லிவிட்டால், மச்சானை ஏமாற்றிவிட்டேன் என்று மீதி வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

நாள் 764 · காலை 07:00

அனுப்பியது:

"மாப்ளே, சித்த கேளு. இங்க மண்ணுக் காத்து ஏறிப்போச்சு. ஆண்டெனாக் கம்பம் சாயுது, இன்னைக்கோ நாளைக்கோ உளுந்துரும். அப்புறம் பேச முடியாது. வெசனப்படாத. எனக்கு ஒடம்பு தேறிட்டுது, மூச்சு நல்லா வருது. மிச்சமெல்லாம் நீ எறங்குனதும் நேர்ல பேசிக்கலாம். வெந்நீர் போட்டு வெக்கறன். கச்சாயத்த மறந்துராத. பாவாயிகிட்ட அண்ணன் சாப்பிட்டாருன்னு சொல்லு. அப்புறம் மாப்ளே... ஈரம் தெரியுது."

பதிலுக்கு நிற்கவில்லை. நின்றால் கேட்டுவிடுவேன், கேட்டால் மனசு மாறிவிடும். டீயும் வைக்கவில்லை. உடை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கம்பத்தின் நாலு போல்ட்டையும் கழற்றினேன். காற்று ஒன்றும் இல்லை, அமைதியாகத்தான் இருந்தது. இரண்டு விரல், நாலு போல்ட். கம்பம் மெதுவாகச் சாய்ந்து தூளில் விழுந்தது. சத்தமே இல்லை.

நாள் 771 · நண்பகல் 12:00

கப்பல் இறங்க வேண்டிய நாள்.

இறங்குமிடத்து விளக்குகளைப் போட்டேன். சும்மாதான். வெந்நீரும் வைத்தேன். சொன்ன சொல்லுக்கு.

ஜன்னல் பக்கம் நாற்காலி. சிவப்பு மண். என் காலடித் தடங்கள் போய், திரும்பி வருகின்றன. வேறு தடம் இல்லை.

கம்பவுண்டரிடம் ஒரு கதை சொன்னேன். சிரிக்கத் தெரியவில்லை அதற்கு. சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 779

எழுத முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல கம்பவுண்டர் போடுகிறது.

மருந்து நன்றாக இருக்கிறது. மூச்சு முட்டுவது குறைந்திருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி.

படிக்கிற புண்ணியவானே, ராடைத் தொடாதே. கழற்றாதே. அது பாட்டுக்கு ஓடும். தண்ணீர் வேண்டுமானால் இடது குழாய்.

அலமாரியில் பாட்டில். நீதான் தோட்டத்துக்காரன். உறைந்திருந்தால் உருக்கிக் குடி. நான் ஒரு சொட்டுக் கூடத் தொடவில்லை, சத்தியமாக.

நாச்சிமுத்து, வந்தது நீயாக இருந்தால் உனக்குத் தனியாக ஒன்று. கம்பம் காற்றில் விழவில்லை. போல்ட் என் சட்டைப் பையில் இருக்கிறது, நாலும். எல்லாம் தெரியும்டா மாப்ளே. தெரிந்துதான் சிரித்தேன். அழாதே, மூஞ்சி சகிக்காது.

கொஞ்சம் தூங்கி

நாள் 780 · காலை 07:10

துளை: திறந்திருக்கிறது.
தண்ணீர்: இருக்கிறது.
காற்று: போதுமானது.
ஆள்:

நாள் 781 · காலை 07:10

துளை: திறந்திருக்கிறது.
தண்ணீர்: இருக்கிறது.
காற்று: போதுமானது.
ஆள்: